கூண்டுக்குள் நீட்டிய கை

அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் அவளுக்குக் கொசு அக்கா என்று பெயர். வாசல் காவலாளியிலிருந்து மாடியில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நடக்கும் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் அவள் கொசு அக்காதான். வீட்டிலும் மனசு குளிர்ந்திருக்கும் நாளில் கணவன், "கொசுவம்மா, ஒரு டீ கிடைக்குமா?" என்பான். அவள் கோபித்துக்கொண்டதில்லை. வேலை அப்படி.

கீழ்த்தளத்தில் ஒரு வெக்கையான அறை. சுவர் எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும். வரிசையாகத் தட்டுகள், தட்டுகளில் தண்ணீர், தண்ணீரில் நெளியும் புழுக்கள். மீன் தீவனத்தை மாவாக இடித்து அவற்றுக்குத் தூவ வேண்டும். எதிர்ப்பக்கம் வலைக் கூண்டுகள். ஆண் கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். அது பரம சாது. பெண் கொசுவுக்கு ரத்தம் வேண்டும், இல்லாவிட்டால் முட்டையில்லை. அதற்காக அவள் வாசனையில்லாத சோப்பில் கையைக் கழுவி, கூண்டின் துணிக் குழாய்க்குள் இடது கையை முழங்கைவரை நுழைத்து, பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவை தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, சாய்வாக உட்கார்ந்து குடிக்கும். வயிறு சிவந்து கண்ணாடி மணியாகும். ஆரம்ப நாட்களில் கை பணியாரம் பணியாரமாக வீங்கியது. இப்போது வீக்கமும் இல்லை, அரிப்பும் இல்லை. உடம்பு ஒத்துப்போய்விட்டது.

மலேரியாக் கிருமி ஒரு கொசுவின் வயிற்றில் எப்படிக் குடியேறுகிறது என்று மாடியில் ஆராய்ந்தார்கள். கிருமிக்குக் கொசு வீடு. கொசுவுக்கு இவள் வீடு. கீழே வளர்ந்தவை கிருமி படாத சுத்த வம்சம். ஊருக்கு வெளியே ஒரு சதுப்பு நிலத்தில் பிடித்து வந்த சில கொசுக்களிலிருந்து பெருகிய குடும்பம். அந்தச் சதுப்பு இப்போது கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. சூடாக்கிய மாட்டு ரத்தத்தை மெல்லிய சவ்வில் ஊற்றி வைத்துப் பார்த்தார்கள். பட்டினி கிடந்தாலும் கிடப்போமே தவிர அதைத் தொடமாட்டோம் என்று இருந்துவிட்டன. மனுஷக் கைதான் வேண்டும். இந்த வீம்பு அவளுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

எதிர்வீட்டு அத்தை அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஏம்மா, எங்க வீட்டுக் கொசுவும் ராத்திரி பகலா உழைக்குதே, அதுக்கும் அங்க ஒரு வேலை போட்டுக் குடேன்" என்பாள்.

"உங்க வீட்டுக் கொசு எல்லாம் படிக்காததுங்க அத்தை. எங்களுது நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க."

தினமும் காலையில், ஆராய்ச்சிக்குத் தலைவரான பெரிய மேடம் அறை வாசலில் நின்று கேட்பார். "உடம்பு எப்படி இருக்கு? மாத்திரை மருந்து ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

தலைவலித் தைலம்கூடத் தேய்க்கக் கூடாது என்பது கட்டளை. கேள்வியும் பதிலும் நாளடைவில் வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டன. கேட்பவரும் நின்று கேட்பதில்லை, சொல்பவளும் நினைத்துச் சொல்வதில்லை.

பள்ளி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே வந்தான். டாக்டர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, சிரங்குப் பூச்சி என்றார். தோலுக்கடியில் வளை தோண்டி முட்டை போடுமாம். "ஒருத்தருக்கு வந்தா வீட்ல எல்லாருக்கும் வந்த மாதிரிதான். அரிப்பு இருக்கோ இல்லையோ, எல்லாரும் ஒரே நாள்ல முழுங்கணும்." அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் மூன்று பேரும் ஒரே சொம்புத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினார்கள். படுக்கை விரிப்புகளை வெந்நீரில் ஊறப்போட்டாள். அவளுக்கு அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. நோய் பிள்ளைக்கு. மாத்திரையும் பிள்ளைக்கு. இவள் துணைக்கு விழுங்கினாள், அவ்வளவுதான். காலையில் பெரிய மேடம் கேட்டார். வாய், பழகிய பதிலைச் சொன்னது. கையைக் கூண்டுக்குள் விட்டாள்.

அடுத்த நாளே கூண்டின் தரையில் எள் சிந்தியதுபோல் கொசுக்கள் செத்துக் கிடந்தன. அதற்கும் அடுத்த நாள் பெருக்கி அள்ளும்படி ஆகிவிட்டது. ஒன்றிரண்டு கால்களை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் மல்லாந்து துடித்தன. ஆண் கொசுக்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பஞ்சைச் சுற்றிப் பறந்தன. அதை யாரும் அப்போது யோசிக்கவில்லை, அவளும்கூட.

தரை துடைப்பவர் மீது பார்வை விழுந்தது. துடைக்கும்போது விசிலடிப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. பக்கத்து அறையில் கரப்பான் மருந்து டப்பா ஒன்று இருந்தது, அது போதுமாயிற்று.

"அடிச்சிருந்தா சொல்லிடுங்க. தெரியாம நடந்திருக்கும்" என்றார் பெரிய மேடம்.

"நான் ஏன் மேடம் அடிக்கப்போறேன்? கொசு வளர்க்கிற இடத்துல மருந்து அடிக்கிற அளவுக்கு நான் என்ன கிறுக்கனா?"

"அப்ப எப்படி செத்துச்சு?"

"அதுங்களைத்தான் கேக்கணும்."

அந்தப் பதில் அவருக்கே வினையாகப் போயிற்று. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது அவளைப் பார்த்து, "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். அவளும் உள்ளுக்குள் அவர்தான் செய்திருப்பார் என்று நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

மிச்சமிருந்த கூண்டுகளைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். வழக்கத்தைவிட அதிக நேரம் கையை நீட்டினாள். குடிங்க, குடிச்சுத் தெம்பா இருங்க என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். குடித்தன. செத்தன.

மகனுக்கு அரிப்பு அடங்கியிருந்தது. இரண்டாம் தவணைக்காக மறுபடி டாக்டரிடம் போனார்கள். மகன் சும்மா இருக்காமல், "மாத்திரை வயித்துக்குத்தானே போகுது, பூச்சி தோல்ல இருக்கு. அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

டாக்டர் சிரித்தார். "நல்லா கேட்ட. மருந்து உன் உடம்பு பூரா கலந்துடும். அது உன்னைத் தின்னுதுல்ல, அப்ப மருந்தையும் சேர்த்துத்தானே தின்னும். அதுக்குக் கை கால் இழுத்துக்கிட்டுப் போயிடும். பேன்கூடச் சாகும். உன் ரத்தம் குடிக்கிறது எதுவும் கொஞ்ச நாளைக்குத் தப்பாது."

அவள் இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள். அவன் நல்லவன், பயந்தவன்.

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"எனக்குத் தெரியும்."

"மாத்திரை ஏதாவதான்னு கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லியிருக்க. தெரியாம சொன்னேன்னு சொன்னா யார் நம்புவா? வேலைக்கு உலை வச்சுடுவாங்க."

"அந்த மனுஷன் வீட்ல உக்காந்திருக்காரு."

"அவருக்குத் துடைக்கிற வேலை எங்கயும் கிடைக்கும். கொசுவுக்குக் கை குடுக்கிற வேலை உனக்கு வேற எங்க கிடைக்கும்?"

அதில் நியாயம் இல்லாமலில்லை. அதுதான் அவளை உறுத்தியது. இரண்டாம் மாத்திரையை அவள் விழுங்கவில்லை. பின்னால் விழுங்கிக்கொள்கிறேன் என்று அலமாரியில் வைத்தாள். உயிர் பிழைத்தவை இன்னும் ஒரு கூண்டில் இருந்தன. காலையில் போனால் கையை நீட்ட வேண்டும். நீட்டினால் அவையும் போய்விடும். நீட்டாமலிருக்கக் காரணம் சொல்ல வேண்டும். சளி, காயம், தீட்டு என்று ஏதேதோ யோசித்துப் பார்த்தாள். எதுவும் ஒரு நாளைக்கு மேல் தாங்காது.

பெரிய மேடம் வாசலில் வந்து நின்றார். "உடம்பு எப்படி இருக்கு? மாத்திரை மருந்து ஏதாவது?"

"சாப்பிட்டேன் மேடம்."

பாதி திரும்பிவிட்டவர் நின்றார்.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரிய மேடம் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். மாத்திரையின் பெயரை மட்டும் கேட்டார். சொன்னதும் ஸ்டூலை இழுத்து அதில் உட்கார்ந்தார். "ஆண் கொசு சாகலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அது கண்ணு முன்னாடி இருந்துது. நானும் பார்க்கலை." பிறகு, "நானும் தினம் சும்மாதான் கேட்டுட்டு இருந்திருக்கேன்" என்றார்.

வேலை போகவில்லை. ஒரு மாதத்துக்குக் கூண்டுகளில் கை வைக்கக் கூடாது, தட்டுகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. வேறு கை தேடினார்கள். பெரிய மேடம் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மாடிப் பிள்ளைகள் காட்டுக்குப் போய்வருவதால் மலேரியா மாத்திரையில் இருந்தார்கள். காவலாளி சர்க்கரைக்காரர்.

விசிலைத் திரும்ப அழைத்தார்கள். அவள் வாசலிலேயே காத்திருந்து, "என்னாலதான் அண்ணே. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"மேடம் சொன்னாங்க." வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னார். "தெரியாம நடந்தது, பரவாயில்ல. ஆனா அன்னைக்கு நீங்களும் என்னைத்தான் நினைச்சீங்க. அதுக்கு மட்டும் என்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க."

அவரிடம் கையைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவர் விசிலடிப்பதையும் விட்டுவிட்டார்.

வேறு வழியில்லாமல் மறுபடியும் மாட்டு ரத்தம், சவ்வு, சூடு. தட்டுகளில் மிஞ்சியிருந்த புழுக்கள் கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் புதுக் கூண்டுக்குப் போயின. அவள் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டு சவ்வில் உட்கார்ந்தன. இரண்டின் வயிறு லேசாகச் சிவந்ததுபோலிருந்தது. அதுகூட விளக்கு வெளிச்சமாக இருக்கலாம். மற்றவை சுவரில் ஒட்டிக்கொண்டு பட்டினி கிடந்தன.

சரியாகத் தெரியவில்லையே என்று இன்னும் கிட்டே குனிந்தவள், தன்னையறியாமல் வலையில் கையை ஊன்றினாள். அடுத்த கணம் கூண்டு முழுவதும் அவள் பக்கம் கிளம்பி வந்தது. சவ்வில் இருந்த ஏழெட்டும் எழுந்து வந்தன. உள்ளங்கை பட்ட இடத்தில் வலைக்கு அந்தப் பக்கம் அடுக்கடுக்காக உட்கார்ந்து, கண்ணிகளின் வழியே ஊசிகளை நீட்டின.

அவள் கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நகர்ந்து, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பெரிய மேடத்திடம் போய், தட்டுகளை வேறு அறைக்கு மாற்றித் தரச் சொல்ல வேண்டும். நான் அந்தப் பக்கம் இருந்தால் அவை சவ்வில் குடிக்காது.