போஸ்ட் இல்லாத படிப்பு

நேற்று காரைக்கால் பாரதியார் வீதி ஜெராக்ஸ் கடையில் நர்ஸிங் முடித்த பெண் ஒருத்தி, சான்றிதழை லேமினேட் செய்யக் கொடுத்துவிட்டுப் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தாள். சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. 'வேணாம்மா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மெஷின் விழுங்கிவிட்டது.

நானும் அந்தத் தப்பைச் செய்தவள்தான். டிப்ளமோ முடித்து வார்டில் நாலு வருஷம் ஓடிய பிறகு, தீவிர சிகிச்சைக்கென்று நர்ஸுகளுக்குப் புதிதாக ஒரு இரண்டு வருஷப் படிப்பு வந்தது, அதையும் முடித்தேன். அந்தச் சான்றிதழைப் பளபளவென்று லேமினேட் செய்து சுகாதாரத் துறை ஆபீசுக்குப் பதிவுக்கு எடுத்துப் போனால், அங்கிருந்த குமாஸ்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னால சீல் குத்தணும்மா. இதுமேல மை எப்படி ஒட்டும்?" பிளேடால் கீறிப் பிரித்ததில் என் பெயரில் பாதி போயிற்று. சிரியுங்கள், பரவாயில்லை. அடுத்து அவர் கேட்டதற்குத்தான் சிரிப்பு வரவில்லை. "சரி, இந்தப் படிப்புக்கு போஸ்ட் எங்க இருக்கு?"

இல்லை. அப்படி ஒரு பதவியை யாரும் உண்டாக்கவே இல்லை. தொடக்க விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள், பந்தல் போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். படித்து வருகிறவளை எங்கே உட்கார வைப்பது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்காக நான் இவ்வளவு வயிறெரிய மாட்டேன். ரஹ்மத்துக்காகத்தான். ஒரே வார்டில் என்னோடு வேலை பார்த்த தோழி. பேசி வைத்திருந்த நிக்காஹைத் தள்ளிப்போடச் சொல்லி அவள் வாப்பாவிடம் மன்றாடியது நான். "படிச்சு வந்தா டாக்டருக்கு அடுத்தது இவதான் மாமா" என்று பெரிய மனுஷி மாதிரி அளந்தேன். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை.

படித்துவிட்டு அதே வார்டுக்கு, அதே வேலைக்குத் திரும்பினோம். ஒரு மதியம் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். பட்டினச்சேரி மீனவர் ஒருவருக்கு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் உதடு வீங்கி மூச்சு திணறியது. ரஹ்மத் யாரையும் கேட்கவில்லை. படித்தபடி தொடையில் அட்ரினலின் போட்டாள். ஆள் பிழைத்துக்கொண்டார். மறுநாள் அவர் மனைவி கொடுவா மீனோடு வந்து ரஹ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கேதான் மெமோவும் வந்தது: மருத்துவர் உத்தரவின்றி மருந்து செலுத்தியது ஏன்?

மூன்று மாதம் கழித்து, கோட்டுச்சேரிமேட்டுப் பெண் ஒருத்திக்கு அதே திணறல். ரஹ்மத் மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். 'போட்டுடுடி' என்று நான் சொல்லவில்லை. அவள் படித்ததை நானும் படித்திருந்தேன், நானும் போடவில்லை. டாக்டர் வந்து அவள் கையிலிருந்த ஊசியை வாங்கிப் போட்டார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

அதற்கு யாருக்கும் மெமோ வரவில்லை.

அந்தப் படிப்பை இப்போது மூடிவிட்டார்கள். வகுப்பறையில் கால் உடைந்த கட்டில்கள் கிடக்கின்றன. ரஹ்மத் குவைத்தில் இருக்கிறாள். விண்ணப்பத்தில் டிப்ளமோவை மட்டும்தான் எழுதினாளாம். போன வாரம் போனில், மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"அங்க அப்படி ஒரு கேஸ் வந்தா என்னடி பண்ணுவே?"

"டாக்டரக் கூப்புடுவேன்" என்றாள்.

யாரையும் கேட்காமல் ஊசியை எடுத்த ரஹ்மத் இப்போது காரைக்காலிலும் இல்லை, குவைத்திலும் இல்லை.