சித்தப்பா கையில் மத்தாப்பு

இன்று தீபாவளி. ஜெர்மனியில் எனக்கு வேலைநாள்.

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, சுந்தரபாண்டியத்துச் சித்தப்பா தவறிட்டாக. நமக்கு இந்த வருசம் தீபாவளி கெடையாது."

அழுதுகொண்டே, இந்தக் குளிரில் தலைக்குக் குளித்தேன். சித்தியிடம் பேச வேண்டும் என்றேன். "அவுக பேசுற நெலமைல இல்ல. பொறவு பேசுக்கா."

இன்று ஆபீஸில் ஜெர்மன் தோழி எனக்காக விளக்கும் இனிப்பும் வாங்கி வந்திருந்தாள். தீட்டு என்றால் என்னவென்று அவளுக்குப் புரியவைத்து, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பும்போது டிராமில் ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை மகளின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசல். எல்லாரும் புதுத்துணியில். நடுவில் சித்தப்பா, கையில் கம்பி மத்தாப்போடு!

தம்பியைக் கூப்பிட்டேன்.

"லீவு கெடைக்கலன்னு நீ எம்புட்டு அழுத! நாங்க கொண்டாடுறதப் பாத்தா ஏங்கிருவன்னுதான்..."

"அதுக்கு மனுசனையே கொன்னுருவியாடா?"

"சித்தப்பாதான், 'நான் செத்ததாச் சொல்லு, அவ நம்பிருவா'ன்னாக."

பின்னாலிருந்து சித்தப்பா கத்தினார்: "ஏட்டி, பலகாரம் சாப்ட்டியா?"

போனை வைத்துவிட்டேன்.

இனிப்பையாவது நாளை தோழியிடம் திருப்பிக் கேட்டுவிடலாம். இந்த மனிதருக்காக ஒரு வாரம் அழுத அழுகையை நான் யாரிடம் திருப்பிக் கேட்பது? சொல்லுங்கள்.