அக்கா விமானம் ஏற்றிய மாம்பழங்கள்

அக்காவின் இந்த நினைவு மலரில் எழுதத் தகுதியானவர்கள் நம் குடும்பத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். கல்யாண வீட்டிலும் பேச்சுக்குப் பயந்து பந்தி பரிமாறும் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறவன் என்பது உங்களுக்கே தெரியும். அக்காவைப் பற்றி எழுத நான் துணிந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். துபாயில் இருக்கும் மருமகன், அக்காவின் மகன், "மாமா, கடைசி வரைக்கும் அம்மா கூட இருந்தது நீங்கதான். நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டான். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஆலங்குளம் பக்கம், மழை பெய்தால்தான் விதைப்பு என்றிருந்த ஊரில். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவமும் வெளுத்திருக்கும். அம்மா பருத்தி எடுக்கப் போய்விடுவார்கள். அக்கா எட்டாவதோடு பள்ளியை நிறுத்திக்கொண்டு என்னை வளர்த்தார்கள். நான் பத்தாவது வரை போனது அப்படித்தான்.

அத்தான் ராணுவத்தில் இருந்தார்கள். ராஜபாளையத்தில் மலையடிவாரத்தில் அவர்களுக்கு மாந்தோப்பு இருந்தது. கல்யாணமாகி முதல் கோடையில் எங்களைப் பார்க்க வந்த அக்கா, "அங்க தரையில கெடக்குற பழத்தை ஆரும் குனிஞ்சு எடுக்க மாட்டேங்காவ" என்று அம்மாவிடம் ஆச்சரியத்தோடு சொன்னார்கள். வறண்ட ஊரில் பிறந்தவர்களுக்கு அது நம்ப முடியாத காட்சி. ஏன் எடுப்பதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. வைகாசியில் எல்லாத் தோப்பும் ஒன்றாகப் பழுக்கும். மண்டியில் பழம் குவிந்து விலை விழுந்துவிடும். பறிக்கிற கூலிகூட மிஞ்சாது.

அத்தான் ஓய்வு பெற்று வந்து சில வருடங்களிலேயே காலமானார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்தில் இரண்டு தோப்புகளை வெட்டி, கல் நட்டு, பிளாட் போட்டிருந்தார்கள். அக்காவிடமும் தோப்பை விற்றுவிடச் சொல்லாதவர்கள் இல்லை. நானும் அதுதான் நல்லது என்று நினைத்தேன். அக்கா மட்டும், காய்க்கிற மரத்தை எப்படி வெட்டுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மருமகன் அப்போதுதான் துபாயில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே எந்தெந்த ஊர் மாம்பழமோ விற்கிறது, நம் ஊர்ப் பழத்தின் பெயர்கூடத் தெரியவில்லை என்று போனில் சொன்னான். முதலாளி தென் பக்கத்துக்காரர், அனுப்பினால் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார் என்றும் சொன்னான். அக்கா மறுநாளே மதுரைக்குப் போய், விமானத்தில் சரக்கு அனுப்பித் தரும் ஏஜென்ட் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பக்கத்துத் தோப்புப் பெரியவரும் பழம் தந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அக்காவைச் 'செல்லி' என்றுதான் கூப்பிடுவார், தங்கை என்று அர்த்தம். இன்னும் சில தோப்புக்காரர்கள் அரைமனதாகத் தந்தார்கள். நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கி, காலம் காலமாக மாம்பழம் கட்டுகிறபடியே வைக்கோல் பரப்பிப் பெட்டிகளில் அடுக்கினோம். போகிற இடம் தூரம் என்று கூடுதலாகவே வைக்கோல் வைத்தோம்.

விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் பெட்டியைத் திறந்த அதிகாரி, வைக்கோலோடு பழம் போகக்கூடாது, அதில் பூச்சி வரும், வெளிநாட்டில் இறக்கவே விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். ஏஜென்ட் சொல்ல மறந்திருந்தார். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. வெளியே ஒரு மர நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாக எடுத்து அக்கா முந்தானையால் துடைத்தார்கள். துடைத்து முடிப்பதற்குள் விமானம் தலைக்கு மேலே போய்விட்டது. பழத்தை மதுரை மார்க்கெட்டில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஊர் வந்ததும் அக்கா வீட்டுக்குள் போகவில்லை. பழம் தந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரே போய் நடந்ததைச் சொன்னார்கள். நான் பின்னால் நின்றேன். பெரியவர் மட்டும்தான் சிரித்தார்.

"ஆகாயத்துல போற பழத்துக்கு மெத்தை போட்டு அனுப்பினோம்லா செல்லி, சொகுசு தாங்காம எறக்கி விட்டுட்டான். அடுத்த வாரம் கட்டாந்தரையில படுக்க வச்சு அனுப்புவோம்."

அடுத்த வாரம் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நின்றது. அவரும் கைவிட்டிருந்தால் அக்கா தோப்பை விற்றிருப்பார்கள்.

வைக்கோலுக்குப் பதில் சிவகாசியில் அச்சகங்களில் வெட்டித் தள்ளுகிற காகிதத்தை வாங்கி வந்தோம். அட்டைப்பெட்டியும் அங்கேயே செய்யச் சொன்னோம். இரண்டாவது தடவை பழம் போய்ச் சேர்ந்தது. மருமகன் போனில், "எம்மா, பெட்டியைத் தொறந்தா பாதி முருகன் இருக்காரு. மீதி எந்தப் பெட்டியில இருக்காருன்னு கடையில தேடுதாவ" என்றான். காலண்டர் காகிதம் கலந்து வந்திருக்கிறது. அக்கா அன்றைக்குச் சிரித்ததைப் போல அத்தான் போன பிறகு நான் பார்த்ததில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சீசனில் வாரம் இரண்டு தடவை வண்டி போனது. பழம் தரம் பிரிக்கவும் துடைக்கவும் செண்பகத்தோப்புப் பக்கத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். அட்டைப்பெட்டிக்காரர் இன்னும் இரண்டு ஆள் சேர்த்தார். எங்கள் வண்டியில் இடம் இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் பால்கோவாப் பெட்டி ஏற்றினார். பிளாட் போட வந்தவர்களிடம் மற்றத் தோப்புக்காரர்கள், இந்த வருஷம் பார்ப்போம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லா வருஷமும் லாபம் என்று சொல்ல முடியாது. மழையில் பூ உதிர்ந்த வருஷம் உண்டு, விமானத்தில் இடம் கிடைக்காமல் பழம் கனிந்துபோனதும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு மரமும் பிளாட்டுக்காக விழவில்லை.

நம் ஊருக்கும் விமான நிலையம் வந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு தடவை சொன்னேன். "நம்ம ஊர்ல எறங்க வேண்டாம்லே. நம்ம பழம் வாடுறதுக்குள்ள போய்ச் சேர்ற தூரத்துல எறங்கினாப் போதும்" என்றார்கள். மதுரையில் வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் என்னென்ன தேவை என்று கேட்டபோதும், சரக்கு வெயிலில் நிற்காமல் இருக்க ஒரு குளிர் அறை வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

போன வருடம் மாசியில் நோய் தெரிந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு விமானம் தாழ இறங்கியது. நீயும் ஒரு தடவை ஏறி மகனைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே அக்கா என்றேன். "அவன் இருக்குற எடத்துலயும் வெயிலுதானேலே" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இந்த வருடம் வைகாசியில் ஒரு காலை அக்கா காலமானார்கள். மறுநாள் போக வேண்டிய பெட்டிகள் கட்டி முடிந்து வீட்டுக் கொட்டகையில் இருந்தன. மருமகனுக்கும் மறுநாள் விமானம்தான் கிடைத்தது. அது மதுரையில் இறங்கி, சற்று நேரத்தில் திரும்பிப் போகிற விமானம். பெட்டிகள் ஏற வேண்டியதும் அதில்தான்.

"பொணம் கெடக்குற வீட்டுலருந்து சரக்கு போறதை எங்கயாவது கண்டிருக்கியளா?" என்று அத்தானின் பெரியப்பா கேட்டார்கள். அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளில் பல வீட்டுப் பழம் இருக்கிறது என்பதும், அதை விட்டால் அடுத்த விமானத்துக்குள் கனிந்துவிடும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்துத் தோப்புப் பெரியவர் எழுந்து நின்றார். "பெரியவுக சொல்றது சரி. செல்லி வீட்டு வாசல்ல இருந்து போக வேண்டாம். எங்க வாசல்ல இருந்து போகட்டும். எப்படியும் பயலைக் கூட்டியார வண்டி போகணும்லா. போறப்ப வெறும் வண்டியா எதுக்கு?"

பெரியப்பா அக்காவின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "அம்புட்டுப் பேர் வயித்துப்பாடு. செய்ங்க" என்றார்கள்.

துடைக்க வருகிற பெண்கள் பெட்டிகளைக் கொட்டகையிலிருந்து எடுத்து, வேலிக்கு மேலே ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் பெரியவர் வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். நான் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல மாதங்கள் வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அக்காவைத் தாயைப் போலக் குளிப்பாட்டி உடுத்திய அந்தப் பெண்களுக்கும், தூரத்திலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட உறவினர்களுக்கும், காகிதம் தந்த சிவகாசி அச்சகத்தாருக்கும், பக்கத்துத் தோப்புப் பெரியவருக்கும், சம்மதித்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் என் மறதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை வண்டி பெரியவர் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டது. மதுரையில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, மருமகனை ஏற்றிக்கொண்டு மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. நாலு மணிக்கு அக்காவை எடுத்தோம்.