மோவாயில் இரண்டு விரல்

கேமராவைத் தோளில் ஏற்றியதும் சக்கரபாணி இரண்டு விரலைத் தன் மோவாயில் வைத்துக் கீழே அழுத்துவார். மணப்பெண் புரிந்துகொண்டு தலையைக் குனிவாள். செங்கம் சாலையில், என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் அவருடைய வீடியோ கடை. பதினாறு வருடமாகத் திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்துப் பெண்களைக் குனியவைத்துப் படம் பிடித்தவர். "கண்ணு கீழ இருந்தாத்தான் பொண்ணு லட்சணம்" என்பார். கல்யாணத்தில் பந்திக்கு உட்கார மாட்டார். நின்றபடியே தயிர்ச்சோறு மட்டும் சாப்பிடுவார்.

2003இல் அவரிடம் தென்றல் வந்தாள். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடும் கருப்பனின் மகள். டாக்டருக்குப் படித்து முடித்தவள். சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை பயிற்சி டாக்டர்களை எடுத்தது. நேரில் வரவேண்டாமாம். அவர்கள் அனுப்பும் நாலு கேள்விகளுக்குக் கேமரா முன் உட்கார்ந்து பதில் சொல்லி, சி.டி.யைக் கூரியரில் அனுப்ப வேண்டுமாம். இடம் கிடைத்தால் கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடுவதாகக் கருப்பன் வாக்குக் கொடுத்திருந்தார்.

நானும் அங்கேதான் நின்றிருந்தேன். பாம்புக்கடிக்கு என்ன செய்வாய் என்பது முதல் கேள்வி. தென்றல் கேமராவைப் பார்த்துப் மடமடவென்று பதில் சொன்னாள். சக்கரபாணி பாதியில் நிறுத்தினார்.

"பெரிய டாக்டருங்க பாக்கறது. மொறைக்கிற மாதிரி இருக்குதும்மா. மரியாதை வேணாமா?"

இரண்டு விரலும் மோவாய்க்குப் போயின. தென்றல் குனிந்தாள். நாலு பதிலையும் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தாள்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. நேருக்கு நேர் பார்த்துப் பேசும் தன்னம்பிக்கை இல்லையாம். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதாதே என்று பாடம் நடத்துகிறவர்கள், ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாலு நிமிட சி.டி.யில் முடித்துவிட்டார்கள். ஒரு போன் போட்டு அவளிடம் பேசிப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை.

தென்றல் கடிதத்தைக் கொண்டுவந்து சக்கரபாணியின் மேசையில் வைத்தாள். "நீங்க சொன்ன மாதிரிதாண்ணா பாத்தேன்" என்றாள்.

அவர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மருத்துவமனையைக் கூப்பிட்டார். "குனியச் சொன்னது நான் மேடம். கல்யாணம் எடுக்கிற ஆளு. பொண்ணு மேல தப்பில்ல. இன்னொரு தபா எடுத்து அனுப்பறேன்." இனி எதுவும் செய்ய முடியாது, அடுத்த வருடம் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. "அடுத்த வருசம் அந்தப் பொண்ணு எந்த ஊட்ல இருக்குமோ, உங்களுக்கு இன்னா" என்று ரிசீவரை அடித்து வைத்தார். கடைக்குத் திரும்பியும் ஆத்திரம் அடங்கவில்லை. "அவனுங்களச் சொல்லி இன்னா. எனக்குத்தான் மரியாதை ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றார்.

தை மாதம் தென்றலுக்குக் கல்யாணம். கருப்பன் வீடியோ எடுக்க அவரையே கூப்பிட்டார். இரண்டு முறை மாட்டேன் என்றவர், மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார். மேடையில் மாப்பிள்ளையின் தாய்மாமன், "பொண்ணக் கொஞ்சம் குனியச் சொல்லுப்பா, படம் நல்லா வரட்டும்" என்றார்.

சக்கரபாணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கேமரா தோளில் இருந்தபடியே, இரண்டு விரலைத் தன் மோவாய்க்கு அடியில் கொடுத்து மேலே தூக்கினார். தென்றல் நிமிர்கிற வரைக்கும் எடுக்கவில்லை.