எம்.எல்.ஏ. அம்மாவுக்கு அடுத்த ஆள்

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. மாரடைப்பில் போய்ச் சேர்ந்து, இடைத்தேர்தல் என்று அறிவித்த வாரத்தில்தான் என் மருமகளுக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் காத்திருந்து தங்கிய கரு. நான் அன்றைக்கே பஸ் ஏறித் தேரடி வீதிக்குப் போய், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வந்துவிட்டேன். என் கையால் போட வேண்டும் என்று ஆசை.

வேங்கிக்காலிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். நல்ல மனுஷி. காபியைக் குடித்து முடிக்கும்வரை விஷயத்தைச் சொல்லவில்லை.

"சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. வளையல் போடறப்போ நீங்க கொஞ்சம் பின்னாடி இருந்துக்குங்க. சாப்பாட்டு வேலைய நீங்கதான் பாத்துக்கணும். உங்கள விட்டா யாரு இருக்காங்க?"

வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இது பழக்கம்தான். எந்த விசேஷமானாலும் அடுப்படியில் எனக்கு ஓர் இடம் உண்டு. அதற்குப் போட்டியே கிடையாது. வாய் பேசவும் வராது எனக்கு. தலையை ஆட்டிவிட்டு வளையல் டப்பாவைப் பீரோவுக்குள் வைத்தேன். மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நடுவில் தேர்தல் வந்தது. இறந்தவரின் மனைவியையே கட்சி நிறுத்தியது. அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் வருஷக்கணக்காக எரியாத விளக்கு, பகலிலும் எரிந்தது.

பிரசார வண்டி வந்த அன்று கிளைச் செயலாளர் துண்டை உதறிக்கொண்டு கத்தினார்.

"சுமங்கலிங்க எல்லாம் தட்டோட முன்னாடி வாங்க! ஆயா, நீங்க அப்படி ஓரமா நில்லுங்க."

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கினேன். வண்டியில் அந்த அம்மா வெறும் நெற்றியோடு கும்பிட்டபடி வந்தார். பெண்கள் ஆரத்தி சுற்றினார்கள். முதல் தட்டு பக்கத்து வீட்டுக்காரியுடையது. சுற்றி முடித்து ஆரத்தித் தண்ணீரில் விரலை நனைத்தவள், பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

"வைம்மா, வை" என்றார் கிளைச் செயலாளர். அந்த அம்மாவே குனிந்து நெற்றியைக் காட்டினார்.

வண்டி நகர்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரி கிளைச் செயலாளரைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணா, தட்டு புடிக்கறவளுக்குத்தான் தாலி வேணுமா? வாங்கிக்கறவங்களுக்கு வேணாமா?"

"அது கட்சி எடுத்த முடிவும்மா."

"அப்போ தொட்டிகிட்ட நிக்கற எங்க அக்காவையும் கட்சில சேத்துக்கோ. அதுவும் முன்னாடி வந்து நிக்கட்டும்."

தெருவே சிரித்தது. நான் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

அந்த அம்மா ஜெயித்தார். ஜெயித்த புதுசு அல்லவா, காது குத்துக்குக் கூப்பிட்டாலும் வந்தார். சம்பந்தி வீட்டில் யாரையோ பிடித்து வளைகாப்புக்கும் அழைத்துவிட்டார்கள். மண்டப வாசலில் பேனர் வைத்தார்கள். எம்.எல்.ஏ. படம் ஆளுயரத்துக்கு. மருமகள் படம் மூலையில், தபால்தலை மாதிரி.

நான் பின்கட்டில் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே வெடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், சம்பந்தியம்மா எம்.எல்.ஏ. அம்மாவை மேடைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

"மொத வளையல் நீங்கதாம்மா போடணும். ராசியான கை உங்களுது."

அந்த அம்மா சந்தனம் பூசி, வளையல் போட்டு, போட்டோவுக்கு நின்று, அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பிவிட்டார். கூட வந்தவர்களில் பாதிப் பேர் மட்டும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அடுத்து யாரு வராங்க?" என்று மேடையிலிருந்து ஒரு குரல்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கரண்டியை வைத்தேன். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, மனசு கேட்காமல் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த வளையல் டப்பாவை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன்.

சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். எதிரே பந்தியில் கட்சிக்காரர்கள் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதுபட என்ன காரணம் சொல்லி என்னை இறக்குவது? திறந்த வாயை மூடிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

மருமகள் கையை நீட்டினாள். மாசமான உடம்பு, கை வீங்கியிருந்தது. வளையலை மெல்ல அழுத்தி ஏற்றினேன்.

"வலிக்குதா?"

"இல்ல அத்தை" என்றாள், தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே. "டப்பால இருக்கறது அத்தனையும் போட்டுட்டுதான் நீங்க எறங்கணும்."