உப்புப் புண் என்கிறார்கள்

நாங்கள் பணம் கேட்டிருந்த மெட்ராஸ் அறக்கட்டளையின் பதில் கடிதம் இன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. பாதத்தில் கறுத்த புண்ணாக வரும் புற்றுநோய் அபூர்வமாம். மரக்காணம் பக்கம் நோயாளிகளே இல்லையாம். அதனால் ஆராய்ச்சிக்குப் பணம் தர இயலாதாம்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் ஓர் உப்பளத்து அம்மா. குதிகாலில் கறுத்துப்போன புண்.

"எவ்ளோ நாளா இருக்குதும்மா?" என்றேன்.

"இது உப்புப் புண்ணுங்க, நர்ஸம்மா. அளத்துல பாதிப் பேருக்கு இருக்குது. எங்க வூட்டுக்காரரும் இதோடதான் போய்ச் சேந்தாரு. இதுக்குப் போயி யாரு ஆஸ்பத்திரிக்கு வர்றது?"

என் ஊரில் நான் இறங்கவில்லை. அவரோடு உப்பளம்வரை போனேன். பதினோரு பேரின் குதிகாலைப் பார்த்து, பரிசோதனைக்கு நான்கு பெயர் எழுதிக்கொண்டேன். முதல் பெயர் அவருடையது.

இந்தக் கார்டு கிடைக்கும் நர்ஸ் தோழிகள் உடனே பதில் போடுங்கள். அபூர்வமான இந்த நோய்க்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?