கொல்லையில் மயில்களுக்குப் போட்ட கம்பு

பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்று, மல்லாங்கிணறுக்கு வெளியே கரிசல் காட்டை ஒட்டி நானும் கணவரும் வீடு கட்டி வந்தபோது, தோட்டம் என்று சொல்ல ஒரு முருங்கையும் இரண்டு கொய்யாக் கன்றுகளும்தான் இருந்தன. அகலமான மண்சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்தேன். அதற்கே தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, சண்டை போட்டுக்கொண்டு குளித்தன. மதிய வெயிலில் ஒரு கீரி குட்டியோடு வந்து குடித்துவிட்டுப் போகும். ஆயுள் முழுக்க அறிவியல் பாடம் நடத்தியும் நான் ஒரு கீரியை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

பிறகு மயில்கள் வந்தன. முதலில் மூன்று. ஒரு கைப்பிடி கம்பு தானியம் போட்டேன். மறுநாள் ஏழு. ஒரு மாதத்தில் ஒரு கூட்டமே வந்தது. ஆண்மயில் தோகை விரித்து நின்றதைப் படம் பிடித்து, பழைய ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "கொடுத்து வச்சவங்க நீங்க" என்று எல்லோரும் எழுதினார்கள். அதைப் படிக்கவே தினமும் படம் பிடித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். அதன் சொந்தக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் வேலைக்குப் போய்வருகிறவள். புரட்டாசி மழைக்கு அவளும் கணவனும் மக்காச்சோளம் ஊன்றினார்கள். நாலைந்து நாளில் அவள் வேலியோரம் வந்து நின்றாள்.

"டீச்சர், வெதையை எல்லாம் மயிலு கிண்டித் தின்னுட்டுப் போயிருச்சு. எங்கன இருந்து வருதுன்னு பாத்தீகளா? உங்க பக்கம் வருதுகளா?"

அந்த நேரம் என் கையில் கம்பு டப்பா இருந்தது. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னேன்: "இங்க எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு வரும்மா. கண்மாய்க்கரை முள்ளுக்காட்டுலதான் அடையுது போல."

யோசிக்காமல் வந்த பொய். ஆனால் அதற்கு அப்புறம் நான் செய்தது யோசித்துச் செய்தது. வேலியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, வீட்டுக்குப் பின்னால் கொல்லையில், குளியலறைச் சுவரோரம் சாக்கை விரித்துக் கம்பு போட ஆரம்பித்தேன். நிறுத்தியிருக்கலாம். மனசு வரவில்லை.

அவள் மறுபடி விதை வாங்கி ஊன்றினாள். தீபாவளி சீசன், கம்பெனியில் ஆள் பற்றாத நேரம். அப்படியும் லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் ஒரு தட்டும் கரண்டியுமாக மயில் விரட்டக் கண்மாய்க்கரைக்குப் போனாள். தட்டைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். மயில்கள் என் கொல்லையில் தின்றுகொண்டே தலையைத் தூக்கிப் பார்க்கும்; பிறகு மறுபடி குனியும். தின்று முடித்து நேராக அவள் காட்டுக்குள் இறங்கி விதையைக் கிண்டும்.

இரண்டாம் நாள் அவள் காலெல்லாம் முள் கிழித்த கோடுகள். கூப்பிட்டு உட்கார வைத்து மருந்து போட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எம்புட்டு நல்ல மனசு டீச்சர்" என்றாள்.

நான் மருந்துக் குப்பியை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அதற்கு மறுநாள் காலை, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ள வந்தவள், முன்வாசலில் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கே வந்துவிட்டாள். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மயில்கள். அவளைக் கண்டதும் இறக்கை அடித்துக்கொண்டு வேலியைத் தாண்டி, அவள் காட்டிலேயே போய் இறங்கின.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சாக்கையும் சிதறிக் கிடந்த கம்பையும் பார்த்தாள்.

"மூணு நாளா முள்ளுக்குள்ள நின்னேனே டீச்சர்" என்றாள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்காமலே போய்விட்டாள்.

கணவரிடம் சொன்னேன். "அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வா" என்றார். சாயங்காலம் போனேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடு என்று சொன்னேன்.

"மயிலுக்குப் போட்டது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அதுகளும் வாயில்லா ஜீவன்தான். நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

புது விதை நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "அதெல்லாம் வேணாம், அவுக வாங்கிட்டு வந்துட்டாக" என்று கணவன் பக்கம் கையைக் காட்டினாள்.

மறுநாளே கம்பு போடுவதை நிறுத்தினேன். மயில்கள் ஒரு வாரம் கொல்லையில் வந்து நின்று கத்தின. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். மூன்றாம் தடவை ஊன்றியதைக் காவல் காக்க நானும் போனேன். "வெயில் தாங்க மாட்டீக, போங்க டீச்சர்" என்றாள். நான் போகவில்லை. அவள் வேலைக்குப் போகட்டும் என்று, முளை தலை காட்டும்வரை தினமும் வரப்பில் நின்று தட்டைத் தட்டினேன்.

பிந்திய விதைப்பு. பாதிக் காடுதான் தேறியது. மற்ற பாதி சொட்டை சொட்டையாகக் கிடந்தது. எங்கள் மாடியில் நின்றால் அது நன்றாகத் தெரியும்.

இப்போதும் வேனுக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்தால், "சாப்பிட்டீகளா டீச்சர்?" என்று கேட்கத்தான் செய்கிறாள். கேட்டுக்கொண்டே நடந்துவிடுகிறாள். அன்றைக்கு அப்புறம் அவள் எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.